பழைய கணினியைத் தூக்கி எறியாதீர்கள்!



கொஞ்ச காலமாகப் பள்ளி வாசலில் என்னைக் காணும் பெற்றோர்கள் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "சார், வீட்டிலுள்ள கணினி இனி உதவாதாமே! புதிது வாங்க வேண்டுமாமே! உண்மையா?" புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்சுந்தை என்றே சொல்லும் பெஸ்தாரி ஜெயா, எல்லாப் பக்கமிருந்தும் இதே கேள்விதான் வருகிறது. ஆகவே இம்மாதப் பகுதியை இதற்கே ஒதுக்குகிறேன்.

நடந்தது என்ன?

2015ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 14.10.2025 அன்று நிறுத்திக்கொண்டது. இதனால் உங்கள் கணினி நின்றுவிடாது, முன்போலவே ஓடும். ஆனால், திருடர்கள் நுழையக்கூடிய ஓட்டை ஏதும் புதிதாகத் தெரியவந்தால், அதை அடைத்துத் தரும் வேலை முன்போலத் தானாக நடக்காது. பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு 13.10.2026 வரை ஒரு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. பூட்டு பழுதான கதவைப் போல் நினைத்துக்கொள்ளுங்கள். வீடு வீடாகத்தான் இருக்கிறது. ஆனால் வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் பழுதான பூட்டை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா?

"அப்படியானால் விண்டோஸ் 11க்கு மாறிவிடலாமே" என்பீர்கள். மாறலாம், கணினி அதற்குத் தகுதி பெற்றிருந்தால்! டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும், ஓரளவு புதிய செயலியும் வேண்டும். 2018ஆம் ஆண்டுக்கு முன் வந்த கணினிகளில் பெரும்பாலானவை இந்தத் தேர்வில் தேறுவதில்லை. நம் தோட்டத்து வீடுகளில் இருப்பவையோ பெரும்பாலும் பட்டணத்தில் வாங்கிய பழைய கணினிகள், அல்லது உறவினர் கொடுத்தவை.

இந்நாட்டில் 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஒரு நல்ல புதிய மடிக்கணினி அந்த ஒரு மாதச் சம்பளத்தை எளிதாக விழுங்கிவிடும். பள்ளிச் சீருடை, பேருந்துக் கட்டணம், அரிசி, பருப்பு எல்லாம் போக இதற்குப் பணம் எங்கிருந்து வரும்? மாதத் தவணைதான் வரும்! அந்தக் கடனைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் லினக்ஸ்.

லினக்ஸ் என்றால் என்ன?

காலைப் பெரட்டில் யாருக்கு எந்த நிரை, யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுக்கிறாரே மண்டோர், அவரைப் போன்றதுதான் கணினியின் இயங்குதளம். திரை, விசைப்பலகை, அச்சுப்பொறி, இணையம் எல்லாவற்றுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுப்பது அதுதான். விண்டோஸ் அப்படி ஒரு மண்டோர். லினக்ஸ் இன்னொரு மண்டோர்.

1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர் இதன் கருவை எழுதினார். மென்பொருளை எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற கொள்கையோடு ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் 1983இல் தொடங்கிய க்னூ திட்டமும் இதனோடு சேர்ந்துகொண்டது. உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் கைகொடுக்க, அது வளர்ந்தது. நீங்கள் கையில் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உள்ளே ஓடுவதும் இந்த லினக்ஸ் கருதான். ஆகவே, "நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று" என்று அஞ்ச வேண்டியதில்லை.

லினக்ஸில் பல வகைகள் உண்டு. 2004இல் வந்த உபுண்டு ஒன்று. 2006இல் வந்த லினக்ஸ் மின்ட் இன்னொன்று. விண்டோஸில் பழகிய கைக்கு மின்ட் எளிது. கீழே இடப்பக்க மூலையில் பட்டியல், கீழே ஒரு பட்டை, எல்லாம் பழகிய இடத்திலேயே இருக்கும். 4 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் நன்றாக ஓடும். மிகப் பழைய கணினி என்றால் மின்டிலேயே எக்ஸ்எஃப்சிஇ என்னும் இலகுவான வகை உண்டு. விலை? ஒரு சென்னும் இல்லை. ஒருவர் இறக்கி வைத்த கோப்பைத் தோட்டம் முழுவதும் படியெடுத்துக்கொள்ளலாம், அது திருட்டன்று.

யாரைக் கேட்பது?

சென்ற தவணையில், உதிரிப்பழம் பொறுக்கும் வேலை செய்யும் ஒரு தாயார், துணிப்பையில் சுற்றிய மடிக்கணினியோடு வந்தார். பட்டணத்துக் கடை ஒன்றில், "இதைத் தூக்கிப் போடுங்கம்மா, புதுசு எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார்களாம். மகன் மூன்றாம் படிவம். பாடப் பயிற்சி எல்லாம் அதில்தான். பென்டிரைவில் இருந்த மின்டை அதில் ஓட்டிப் பார்த்தோம். ஓடியது. இணையம் வந்தது, ஒலி வந்தது. அந்த அம்மாள் முகத்தில் மகிழ்ச்சிதான். ஆனாலும் ஒரு கேள்வி கேட்டார்: "நாளைக்கு ஏதாவது ஆகிப் போனால் யாரைக் கேட்பது சார்?"

வாசகர்களே, இந்தக் கேள்வியைவிடப் பெரிய கேள்வி இந்த விஷயத்தில் இல்லை. மாற்றம் நிலைப்பதும் நிலைக்காததும் இதைப் பொறுத்துத்தான்.

கேரளத்தைப் பாருங்கள். அங்கே 2001ஆம் ஆண்டில் ஐடி அட் ஸ்கூல் என்ற பள்ளிக் கணினித் திட்டம் தொடங்கியது. பின்னர் பள்ளிகள் படிப்படியாக லினக்ஸுக்கு மாறின. 2019இல் அம்மாநிலத்தின் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் இதுவே ஓடுவதாகவும், அதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்றும் அறிவித்தார்கள். அவர்கள் கணினியை மட்டும் மாற்றவில்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடநூலையும் அதற்கேற்ப அமைத்தார்கள். பிள்ளை ஒன்றைக் கேட்டால் பதில் சொல்ல வகுப்பிலேயே ஆள் இருந்தது.

தமிழ்நாட்டிலும் 2007ஆம் ஆண்டையொட்டி, அரசின் எல்காட் நிறுவனத்துக்குத் தலைமை தாங்கிய சி. உமாசங்கர் அந்த அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றினார். நம் மலேசிய அரசாங்கமும் 2004இல், மாம்பு அமைப்பின் மூலம், பொதுத்துறைக்கான திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டது.

எல்லா இடத்திலும் வெற்றிதானா என்றால் இல்லை. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி பல ஆண்டுகள் உழைத்து, 2013க்குள் ஏறக்குறைய 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2017இல் அதே நகரமன்றம் மீண்டும் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. பெரிய நகராட்சியே தடுமாறியிருக்கிறது. எனவே நாம் அவசரப்படாமல், ஒவ்வோர் அடியாக எடுத்து வைப்போம்.

மாற்றம் நமக்குப் புதிதன்று. இந்நாட்டில் வாணிப முறையில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டது நம் கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917ஆம் ஆண்டில். சரியாக விளையாத காப்பிக்குப் பதிலாக நட்டார்கள். பிற்காலத்தில் ரப்பர்க் காடுகளும் செம்பனையாயின. பால்வெட்டுக் கத்தி பிடித்த கை, குலை அரிவாள் பிடிக்கப் பழகியது. ஒரே நாளில் அல்ல. ஒருவர் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள். கணினிக்கும் அதுவே வழி.

எப்படி மாறுவது?

முதலாவது, படியெடுங்கள். திருமணப் படங்கள், பிள்ளையின் பாடக் கோப்புகள், சான்றிதழ்கள் அனைத்தையும் வெளிச் சேமிப்பகம் ஒன்றில் படியெடுத்து, அதைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். முடிந்தால் இரண்டு இடத்தில் வையுங்கள். இந்த வேலை முடியாமல் அடுத்த வேலைக்குப் போகவே கூடாது.

இரண்டாவது, பென்டிரைவ் தயாரிப்பது. 8 ஜிபி பென்டிரைவ் போதும். மின்டின் கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி இருக்கும். கைப்பேசித் தரவை அதற்குச் செலவழிக்காமல், நல்ல இணையம் உள்ள இடத்தில் ஒருவர் இறக்கினால் போதும். அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அதைப் பென்டிரைவில் ஏற்ற ரூஃபஸ், எட்சர் போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. பென்டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள் அல்லவா? லினக்ஸில் ஆழம் பார்க்க வசதி உண்டு. பென்டிரைவைச் செருகி, கணினியைத் தொடக்கும்போது எஃப் 12 அல்லது எஃப் 9 அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால் (கணினிக்குக் கணினி இது மாறும்), பென்டிரைவிலிருந்தே மின்ட் ஓடும். நிறுவும் பொத்தானைத் தொடாத வரை உங்கள் விண்டோஸும் கோப்புகளும் அப்படியே இருக்கும். இப்படிச் சில நாள் ஓட்டுங்கள். கம்பியில்லா இணையம் வருகிறதா, ஒலி கேட்கிறதா, படக்கருவி தெரிகிறதா, அச்சுப்பொறி அச்சிடுகிறதா, பிள்ளையின் டெலிமா பக்கமும் கூகுள் கிளாஸ்ரூமும் திறக்கின்றனவா என்று ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாகக் குறியிடுங்கள். பென்டிரைவில் ஓடும்போது சற்று மெதுவாக இருக்கும். நிறுவிய பின் வேகம் கூடும்.

நான்காவது, நிறுவுவது. எல்லாம் சரி என்றால் மட்டும் நிறுவுங்கள். வட்டில் இடமிருந்தால் விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸை நிறுவலாம். தொடக்கும்போது எது வேண்டும் என்று கணினியே கேட்கும். முதல் முறை செய்பவர்கள், முன்பே செய்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

முதல் வாரத்தில் என்ன மாறும்?

வேர்டு இருக்காது, லிப்ரேஆபிஸ் ரைட்டர் இருக்கும். வேர்டில் எழுதிய கோப்புகளை அது திறக்கும். சில வேளை எழுத்துருவும் அட்டவணையும் சற்று நகர்ந்திருக்கும். ஆசிரியருக்கு அனுப்பும்போது பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். எங்கும் ஒரே மாதிரி தெரியும். விண்டோஸுக்கென்று செய்த மென்பொருள்களை இங்கே அப்படியே நிறுவ முடியாது. மின்டிலேயே உள்ள மென்பொருள் மேலாளரைத் திறந்து தேடி நிறுவ வேண்டும். கைப்பேசியில் செயலி இறக்குவது போலத்தான். கணினி புதுப்பிக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். வைரஸ் தொல்லை குறைவு என்பதற்காக, வருகிற இணைப்பையெல்லாம் திறக்கவும் கூடாது. ஏமாற்றுக்காரன் தேடுவது கணினியை அல்ல, உங்கள் கடவுச்சொல்லை!

தமிழ் எழுத முடியுமா? தாராளமாக. விசைப்பலகை அமைப்பில் தமிழ்99ஐச் சேர்த்துக்கொள்ளலாம். யூனிகோடில் எழுதியவை அப்படியே தெரியும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆலய அழைப்பிதழ், மன்றக் கணக்கு போன்றவை இருந்தால், அந்த எழுத்துருக் கோப்புகளையும் மறவாமல் படியெடுத்து வையுங்கள்.

யார் மாற வேண்டாம்?

விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருளைப் பிழைப்புக்காகப் பயன்படுத்துபவர் மாற வேண்டாம். கல்லூரியில் குறிப்பிட்ட வரைகலை மென்பொருளைக் கட்டாயமாகக் கேட்டால் அந்தப் பிள்ளையின் கணினியை மாற்ற வேண்டாம். பள்ளியோ தோட்ட அலுவலகமோ இரவல் கொடுத்த கணினியில் கை வைக்கவே வேண்டாம், அது நம்முடையதன்று. குரோம்புக் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிரமம் தேவையில்லை. அதன் உள்ளே இருப்பதும் லினக்ஸ் கருதான். ஆனால் அதற்கும் புதுப்பிப்பு முடியும் தேதி ஒன்று உண்டு, அமைப்புகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, அந்தத் தாயாரின் கேள்விக்கு என் பதிலைச் சொல்கிறேன். தனியாக மாறாதீர்கள். பக்கத்துப் பக்கத்து வீடாக இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து, ஒரே வகை லினக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம், ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளை ஒன்றுக்கு, ஆணோ பெண்ணோ, இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். ஒரு குறிப்புப் புத்தகம் வைத்து, எந்தச் சிக்கல் வந்தது, எப்படித் தீர்ந்தது என்று தேதியோடு எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதத்தில் அந்தப் புத்தகம் உங்கள் தோட்டத்துக்கே வழிகாட்டியாகிவிடும். அந்தப் பிள்ளைக்கும் ஒரு தொழில் கைவந்திருக்கும்.

"இது ஆகாது, புதிதை வாங்கு" என்று யாராவது சொன்னால், ஏன் ஆகாது என்று முதலில் கேளுங்கள். திரை உடைந்ததா, வட்டு பழுதா, அல்லது விண்டோஸ் 10 மட்டும்தான் காரணமா? காரணம் கடைசியாகச் சொன்னதுதான் என்றால், பணப்பையைத் திறப்பதற்கு முன் ஒரு பென்டிரைவைச் செருகிப் பாருங்கள்.

அடுத்த மாதம் வேறொரு பயனுள்ள செய்தியோடு சந்திப்போம். வணக்கம்.