பிரேக்கில் மிச்சம் பிடிப்பதா?

தோட்டத்து லோரி ஒன்று குன்றிலிருந்து இறங்குகிறது. பின்னால் கட்டிப்பால் பாரம். டிரைவருக்குப் பக்கத்தில் பாரம் ஏற்றும் தோழர்கள் இருவர். வளைவுக்கு முன் டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். லோரி நிற்கவில்லை, ஒரு பக்கமாக இழுக்கிறது. எதிரே சிறு பாலம், பக்கத்தில் மண்மேடு. யோசிக்க நேரமில்லை. மேட்டில் மோதி நிறுத்தினார். மூவரும் பிழைத்தார்கள். டிரைவருக்குக் கால் முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுநாள் அவருக்குக் கிடைத்த வெகுமதி என்ன தெரியுமா? "கவனக்குறைவாக ஓட்டியதற்கு உம்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?" என்று கேட்கும் கடிதம்!

நாம் வேலை செய்யும் தோட்டத்தில் நடந்தது இது. தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். படிப்பவர்களில் பலர், "இது நம் தோட்டத்துக் கதையல்லவா" என்று கேட்கப்போகிறார்கள், அதனால்தான் எழுதுகிறோம்.

விசாரணையில் டிரைவருக்குத் துணையாக உட்கார்ந்தோம். ஸ்டோர் புத்தகத்தைப் புரட்டினோம். மூன்று வாரத்துக்கு முன்பே பின்சக்கரம் ஒன்றில் எண்ணெய் கசிந்து லைனிங் ஊறிப்போனதை டிரைவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பட்டறைப் பிட்டர் கேட்டது இரண்டு பக்கத்துக்கும் லைனிங், எண்ணெய் சீல், இழுப்பு ஸ்பிரிங்குகள். வாங்கியதோ ஒரு பக்கத்துக்கு மட்டும் லைனிங். அதுவும் மூன்று விலைச் சீட்டுகளில் ஆகக் குறைந்த விலைச் சாமான். சீலும் ஸ்பிரிங்கும் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று அடிக்கப்பட்டிருந்தன. அடித்தது மானேஜரின் பேனா. ஆனால், அடித்த சீட்டைத் திருத்திச் சுத்தமாக எழுதிக் கடைக்கு அனுப்பியது யார்? நாம்தான், கிராணிகள்!

"இரண்டு பக்கமும் மாத்தணும், இல்லாட்டி இழுக்கும்னு அன்னைக்கே சொன்னேனே, கிராணியாரே" என்றார் அந்த அண்ணன். கட்டுப்போட்ட காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு அவர் கேட்டபோது நமக்குப் பதில் வரவில்லை. இந்தக் கட்டுரைதான் பதில்.

பிரேக் செய்யும் வேலை என்ன? ஓட்டத்தைச் சூடாக மாற்றி வெளியேற்றுவதே அதன் வேலை. பாரத்தோடு 16 டன் எடையுள்ள லோரி, 100 மீட்டர் உயரம் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், பிறக்கும் சூடு சுமார் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. வேகம் இரு மடங்கானால் நிறுத்தும்போது பிறக்கும் சூடு நான்கு மடங்கு. அத்தனையையும் தாங்குவது லைனிங்கும் டிரம்மும். சூடு மிஞ்சினால் மட்டமான லைனிங் பிடிப்பை இழக்கிறது. டிரம்மோ சூட்டில் விரிந்து லைனிங்கை விட்டு விலகுகிறது. காலையில் ஆப்பீஸ் வாசலில் நன்றாகப் பிடித்த பிரேக், குன்றின் பாதியில் கைவிடுவது இப்படித்தான். ஆப்பீஸ் வாசலில் சோதித்துப் பார்த்து "பிரேக் நன்றாக இருக்கிறது" என்று கையெழுத்திடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

ஆகவே, சாமான் வாங்குமுன் பார்க்க வேண்டியவை சில உண்டு. இவை பெரிய ரகசியமல்ல. பட்டறையில் இருக்கும் நம் தோழர்களுக்கு இவை தெரியும். தெரிந்தவரைக் கேட்பதில்லை என்பதே குறை.

ஓர் அச்சின் இரண்டு பக்கத்துக்கும் ஒரே ரக லைனிங்கை ஒரே நேரத்தில் போட வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் ஒரு சக்கரம் அதிகமாகப் பிடிக்கும்; லோரி அந்தப் பக்கமாக இழுக்கும். காற்று பிரேக்கில் சேம்பரின் அளவும் சிலேக் அட்ஜஸ்டரின் நீளமும் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். "கிடைத்ததைப் போடு" என்பது இங்கே செல்லாது.

பல லைனிங்குகளின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள பிடிப்பு; இரண்டாவது கடும் சூட்டில் உள்ள பிடிப்பு. ஈ என்றால் உராய்வு எண் 0.25க்கு மேல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35க்கு மேல் 0.45 வரை, ஜி என்றால் 0.45க்கு மேல் 0.55 வரை. ஆனால் இது தரச் சான்று அல்ல. ஒரே எழுத்துள்ள இரண்டு லைனிங்குகள் தேய்மானத்திலும் வெடிப்பிலும் வேறு வேறாக இருக்கலாம். எழுத்தே இல்லாத, செய்தவர் யாரென்றே தெரியாத சாமானை மலிவு என்பதற்காக வாங்குவதோ கண்ணைக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்குவது போலாகும்.

டிரம்மை அளக்காமல் லைனிங் வாங்குவதும் வீண். எந்த அளவுக்கு மேல் தேயக்கூடாது என்பது பெரும்பாலும் டிரம்மிலேயே வார்க்கப்பட்டிருக்கும். 16.5 அங்குல டிரம்முக்குப் பொதுவான எல்லை 16.62 அங்குலம். அதைத் தாண்டியதையும் வெடித்ததையும் கடைந்து மினுக்கிப் போடுவது ஏமாற்று வேலை. எண்ணெய் ஊறிய லைனிங்கை மாற்றிவிட்டுக் கசியும் சீலை விட்டுவைத்தால், புதியதும் ஊறிப்போகும். சோர்ந்த ஸ்பிரிங்கை விட்டுவைத்தால் ஷூ திரும்பாமல் உரசிக்கொண்டே இருக்கும். இறக்கம் வருமுன்பே டிரம் சூடேறிவிடும்.

இன்னொன்று, தூசி. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. கல்நார் எந்த வகையானாலும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு கண்ட முடிவு. என்ன கலந்தது என்று எழுதாத பெட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டு, பட்டறைப் பையனிடம் காற்றுக் குழாயைக் கொடுத்து "ஊதித் துடை" என்கிறார்கள். அந்தத் தூசி அவன் நெஞ்சில் தங்கி, பல வருஷம் கழித்துக் கணக்குக் கேட்கும். அப்போது அவன் இந்தத் தோட்டத்தில் இருக்கமாட்டான், மானேஜரும் இருக்கமாட்டார், பில்லும் இருக்காது.

நிர்வாகம் சொல்லும் பதில்கள் நமக்குத் தெரியும். "ரப்பர் விலை இறங்கிக் கிடக்கிறது, செலவைக் குறைக்க வேண்டும்" என்பது ஒன்று. நல்லது, கணக்கே பார்ப்போம். மலிவு லைனிங் பாதி விலை என்றும், பாதிக் காலமே உழைக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். சாமான் செலவு சமமாகிவிட்டது. ஆனால் சக்கரம் இரண்டு தடவை கழற்றப்படுகிறது. பிட்டரின் வேலை இரட்டிப்பு. லோரி நிற்கும் நாளும் இரட்டிப்பு. டிரம் தேய்ந்தால் அது தனிச் செலவு. இதில் எங்கே மிச்சம்? ஒரு கணக்குப் பிள்ளைக்குத் தெரிந்த இந்தக் கூட்டல் தலைமை ஆப்பீசுக்குத் தெரியாதா? கம்பெனிப் பெட்டியில் வந்த அசல் சாமான்தான் வேண்டுமென்று நாம் பிடிவாதம் பிடிக்கவில்லை. வேறு நல்ல தயாரிப்பாளரின் சாமானும் உழைக்கும். அது அந்த லோரிக்குப் பொருந்துவதாக, சோதனைச் சான்றுள்ளதாக, செய்தவர் பெயர் தெரிந்ததாக இருக்கட்டும் என்கிறோம். பெட்டியில் பெரிய பெயர் இருந்தால் மட்டும் போதாது. போலிச் சாமானுக்கும் அழகான பெட்டி உண்டு.

"டிரைவர் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்குகிறான்" என்பது மற்றொரு பதில். இதில் கொஞ்சம் உண்மை உண்டு, மறைக்கமாட்டோம். இறக்கத்தின் தலையிலேயே கீழ் கியருக்கு மாறி, எஞ்சினைப் பிடித்துக்கொண்டு இறங்குவதுதான் முறை. அதைச் செய்யாத தோழர்கள் இன்றே திருந்த வேண்டும். ஆனால் அளவுக்கு மேல் பாரம் ஏற்றச் சொல்கிறவர் யார்? "மூன்று டிரிப் போதாது, நான்கு அடி" என்று விரட்டுகிறவர் யார்? அவர்களுக்கு ஏன் கடிதம் போகவில்லை?

"ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனையில் தேறுகிறதே" என்பது மூன்றாவது. பரிசோதனை ஒரு நாள். ஓட்டமோ மற்ற நாளெல்லாம். 2013 ஆகஸ்ட் 21இல் கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டதை நாடு மறக்கவில்லை. மலையிறக்கம் யாருக்கும் தவணை கொடுப்பதில்லை.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது, தோழர்களே! 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், பாதுகாப்பான இயந்திரத்தைத் தருவது முதலாளியின் கடமை என்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் அக்கடமையை மீறினால் விதிக்கும் அபராதத்தை 5 லட்சம் வெள்ளி வரை உயர்த்தியது. உடனடி ஆபத்து உண்டென்று நம்பத் தகுந்த காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி ஒன்றும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த ஆபத்தைவிட்டு விலகிக்கொள்ள 26ஏ பிரிவு உரிமை தருகிறது. 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருந்தாக வேண்டும். உங்கள் தோட்டத்துக் குழு கடைசியாக எப்போது கூடியது? அதில் லோரி டிரைவர் இருக்கிறாரா? கேளுங்கள்!

நாம் கோருவது நான்கே:

1. பிரேக் சாமான் வாங்கும் சீட்டில் டிரைவரும் பிட்டரும் கையெழுத்திட வேண்டும். அவர்கள் கேட்டதை அடிப்பவர், காரணத்தை எழுதித் தன் பெயரையும் போட வேண்டும்.

2. லைனிங் கனமும் டிரம் அளவும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் அளந்து எழுதப்பட வேண்டும். புத்தகம் ஆப்பீஸ் பெட்டியில் பூட்டப்படாமல் லோரியோடு இருக்க வேண்டும்.

3. பிரேக் சாமானை ஆகக் குறைந்த விலை என்ற ஒரே காரணத்துக்காக வாங்கக் கூடாது.

4. விபத்து நடந்தால், டிரைவருக்குக் கடிதம் போகுமுன் கழற்றிய சாமானைச் சங்கத்துக்குக் காட்ட வேண்டும்.

கிராணித் தோழர்களுக்குத் தனியாக ஒரு சொல். நம் கை வெறும் எழுதுகோல் பிடிக்கும் கை என்று நாமே நம்பிக்கொண்டிருக்கிறோம். அந்தச் சீட்டில் நம் எழுத்து இருக்கிறது. அந்த லோரியில் நம் தோழர்கள் இருக்கிறார்கள். இனிமேல் அடித்த சீட்டு மேசைக்கு வந்தால், திருத்தி எழுதுமுன் எழுந்து போய்க் கேட்போம். கேட்டதையும் தேதியோடு எழுதி வைப்போம்.

அந்த அண்ணனின் விசாரணை இன்னும் முடியவில்லை. அவர் எழுதிக் கொடுத்த சீட்டு நம் கையில் பத்திரமாக இருக்கிறது. அடுத்த விசாரணை நாளில் அதை மேசைமேல் வைப்போம். நாம் திருத்தி எழுதிய சீட்டையும் அதன் பக்கத்தில் வைப்போம்.