சாகப் போகிறவரிடம் யார் கேட்டார்கள்?

செஞ்சிக்கு வருகிறவர்கள் ராஜகிரி ஏறுகிறார்கள், கல்யாண மகாலைப் படம் எடுக்கிறார்கள், பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள். 2025-ல் கோட்டை யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஆனால் ஊருக்கு வடக்கே இருக்கும் திருநாதர்குன்றுக்குப் போகிறவர்கள் ரொம்பக் குறைவு.

அங்கே ஒரு பாறையில் 24 தீர்த்தங்கரர்கள், 12 பேராக இரண்டு வரிசை. அதே குன்றில் ஒரு சின்னக் கல்வெட்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர் விட்டார் என்கிறது. காலம் சுமார் 6-ஆம் நூற்றாண்டு. இன்னொரு கல்வெட்டில் இளையபட்டாரர், 30 நாள். தமிழ் எழுத்து வரலாறு படிக்கிறவர்கள் சந்திரநந்தி கல்வெட்டில் உள்ள 'ஐ' எழுத்துக்காக அதைத் தேடுகிறார்கள். எழுத்தைப் பார்க்கிறார்கள், சாவைப் பார்ப்பதில்லை!

இது தற்கொலையா? ஆம் என்றது ராஜஸ்தான் உயர் நீதிமன்றம், 2015 ஆகஸ்டில். அதே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை போட்டது. சமணர் வைத்திருக்கும் விதியைப் பார்த்தால் விஷயம் புரியும். மூப்பு, தீராத நோய், பஞ்சம், தப்ப முடியாத ஆபத்து. இவை வந்தால்தான் சல்லேகனை. குருவின் அனுமதி வேண்டும். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். உணவைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். முக்கியமாக, 'சீக்கிரம் செத்தால் தேவலை' என்று ஆசைப்படுவதே அதில் குற்றம்.

உடனே சிலர் கிளம்புவார்கள்: "பார்த்தீர்களா, நம் முன்னோர்களே கருணைக்கொலையை ஒத்துக்கொண்டவர்கள்!" இல்லை. தென்மாவட்டங்களில் 'தலைக்கூத்தல்' என்று ஒன்று உண்டு. படுக்கையில் கிடக்கும் கிழவிக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரை ஊற்றி, இளநீரைக் கொடுத்து முடித்துவிடுவார்கள். அதற்கும் கருணை என்றுதான் பெயர். அங்கே சாகிறவர் ஒருவர், தீர்மானிக்கிறவர் வேறொருவர். அந்தக் கிழவியை யாராவது கேட்டார்களா?

செஞ்சியிலேயே இன்னொரு சாவு உண்டு. 1714-ல் தேசிங்கு ராஜா போரில் விழுந்ததும் ராணி உடன்கட்டை ஏறினாள். 'விரும்பித்தான் ஏறினாள்' என்பது கதை. சரி, 'மாட்டேன்' என்று அவள் சொல்லியிருக்க முடியுமா? மறுக்க முடியாத இடத்தில் விருப்பம் என்ற பேச்சுக்கே அர்த்தமில்லை.

இன்றைக்கு ஆஸ்பத்திரியில் நடப்பது என்ன? ஐ.சி.யு. வாசலில் நாலு பேர் கூடிப் பேசுகிறார்கள். ஒருவர் 'வெண்டிலேட்டரை எடுக்காதீங்க' என்கிறார், இன்னொருவர் செலவுக் கணக்குப் பார்க்கிறார். உள்ளே இருப்பவருக்கு என்ன நோய் என்பதே சொல்லப்படவில்லை. "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, தாங்க மாட்டார்." இது அன்பு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இதுவும் அவரைக் கேட்காமல் நடப்பதுதான்.

சட்டம் வழி விட்டிருக்கிறது. 2018 மார்ச் 9-ல் உச்ச நீதிமன்றம், மீள முடியாத நிலையில் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கியது. இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்து, அவ்வளவுதான். பேங்க் டெபாசிட்டுக்கு நாமினி போடுகிறோம். அரை ஏக்கர் நிலத்துக்கு உயில் எழுதுகிறோம். கடைசிப் பத்து நாளைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை!

"சொத்துக்காகப் பிள்ளைகளே மிரட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டால்?" நியாயமான பயம். அதனால்தான் எழுதியதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்றும், டாக்டர்கள் கொண்ட இரண்டு குழுக்கள் பார்க்க வேண்டும் என்றும் வைத்திருக்கிறார்கள். ஊசி போட்டுக் கொல்ல இன்றும் அனுமதி கிடையாது.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒன்று இருக்கிறது: வலி. புற்றுநோய் வலியில் துடிக்கிறவர் 'என்னைக் கொன்னுடுங்க' என்றால் அது அவர் முடிவு இல்லை, வலியின் கூச்சல். மார்ஃபின் விலை அதிகமில்லை. அது கிடைக்க 2014-ல் சட்டத்தையே தளர்த்தினார்கள். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் வலி நிவாரண சிகிச்சையும் உண்டு. அதைக் கேட்டு வாங்காமல் சாகும் உரிமை பற்றி மேடையில் பேசுவது வெட்டிப் பேச்சு. வலியைத் தணித்த பிறகும் ஒருவர் 'போதும்' என்றால், அப்போது அது அவருடைய வார்த்தை. கேட்டே ஆக வேண்டும்.

திருநாதர்குன்றுக் கல்லில் இருப்பது செத்தவரின் பெயர். தீர்மானித்தவரும் அவரே. வீட்டில் தாத்தா பாட்டி இருப்பவர்கள் இந்தத் தடவை ஊருக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்: "முடியாமப் போனா உங்களுக்கு என்ன வேணும்? என்ன வேணாம்?" திட்டு விழலாம். பதிலும் கிடைக்கலாம்.