பொம்மைப் படைகளும் மெய்யான மனிதரும்



இங்கிலாந்தில் சில வாரங்கள் தங்கியிருந்தபோது, ஒரு சிற்றூரின் ஆலய மண்டபத்தில் சனிக்கிழமையன்று நடந்த கூடுகையொன்றைக் காண நேர்ந்தது. உள்ளூர்க் கழகம் ஒன்று அம்மண்டபத்தை நாள் முழுவதற்கும் வாடகைக்கு எடுத்திருந்தது. நீண்ட மேசைகளின்மேல் பச்சைத் துணி விரித்து, குன்றுகளும் சிறு வீடுகளும் அமைத்து, கட்டைவிரலில் பாதி உயரமேயுள்ள போர்வீரர் பொம்மைகளை நூற்றுக்கணக்கில் அணிவகுத்து நிறுத்தியிருந்தார்கள். அளவு நாடாவால் தூரம் அளந்து படைகளை நகர்த்தினார்கள். பகடை உருட்டி வெற்றி தோல்வியை அறிந்தார்கள். நரைத்த தலையினரும் பள்ளிப் பிள்ளைகளும் எதிரெதிரே நின்று ஆடினார்கள். மாலையில் வென்றவரும் தோற்றவரும் கைகுலுக்கி, தேநீர் அருந்தி, பொம்மைகளைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

என்னுடன் வந்திருந்த விசுவாசி ஒருவர் மனம் வெதும்பினார். "ஐயா, சமாதானப் பிரபுவை ஆராதிக்கும் இடத்தில் யுத்த விளையாட்டா? பகடை வேறு உருட்டுகிறார்களே! இது அருவருப்பு அல்லவா?" என்றார். அவருடைய வைராக்கியத்தை மதிக்கிறேன். அவருடைய தீர்ப்பை ஏற்க மறுக்கிறேன். பகடையைக் கண்டு அஞ்சுவோருக்கு ஒரு சொல்: மத்தியாவைத் தெரிந்துகொண்டபோது சீஷர்கள் சீட்டுப் போட்டார்கள்; சிலுவையின் அடியில் போர்ச்சேவகரும் சீட்டுப் போட்டார்கள். செயல் ஒன்றே, இருதயங்கள் வேறு.

இவ்விளையாட்டின் வரலாறும் இதையே கூறுகிறது. 1812ஆம் ஆண்டில் ரைஸ்விட்ஸ் என்னும் பிரஷ்யப் பிரபு, மேசைமேல் போரை நடத்திக் காட்டும் விளையாட்டொன்றைத் தம் அரசருக்கு அளித்தார். படை அதிகாரியான அவருடைய மகன் 1824இல் அதனை நிலப்படம், பகடை, நடுவர் ஆகியவற்றோடு சீராக்கி விதிநூலாக வெளியிட்டார். பிரஷ்யப் படைத்தலைமை அதைத் தன் அதிகாரிகளுக்குப் பயிற்சியாக்கியது. கொல்லும் கலையைக் கற்பிக்கும் பள்ளியாயிற்று அந்த மேசை.

ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து, 1913இல், ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூலை வெளியிட்டார். ஈய வீரர்களையும் பொம்மைப் பீரங்கிகளையும் கொண்டு வீட்டுத் தரையில் ஆடும் போருக்கு விதிகள் வகுத்த அந்நூலில், பொம்மைப் போரை ஆடிப் பார்த்தவனுக்கே மெய்யான போரின் மடமை விளங்கும் என்று அவர் வாதிட்டார். மறு ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. அந்த எச்சரிக்கை கேளாச் செவியில் விழுந்தது. பின்னர், இரண்டாம் உலகப்போரில் டாங்கிப் படையில் பணியாற்றிய டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1962இல் எழுதிய 'வார் கேம்ஸ்' என்னும் நூல் இப்பொழுதுபோக்கைப் பலரிடம் கொண்டு சேர்த்தது. மெய்யான போரைக் கண்டு வந்த மனிதர் அவர் என்பதைக் கவனியுங்கள்.

கழகத்தார் எனக்கு விளக்கிய விதிகளில் ஒன்று என் மனத்தில் தங்கிவிட்டது. ஓர் அணியில் பலர் வீழ்ந்துவிட்டால், மீந்தவர்களின் மனவுறுதியை அறியப் பகடை உருட்ட வேண்டும். எண் சாதகமாக விழாவிட்டால் அவர்கள் அஞ்சிப் பின்வாங்குவார்கள். பொம்மைக்கும் அச்சம் உண்டென்று அவ்விதி ஒப்புக்கொள்கிறது. நம்முடைய வீரப் பேச்சுகள் அதைக்கூட ஒப்புக்கொள்வதில்லையே!

குறையும் உண்டு, மறைக்கவில்லை. அம்மேசையில் வீடுகள் உண்டு, வீட்டில் குடியிருப்போர் இல்லை. விழுந்த வீரனை விரலால் எடுத்து அப்பால் வைக்கிறார்கள். அவனுக்காக அழுபவள் ஒருத்தியும் அங்கில்லை. பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் இதை அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

ஆனால் வேதம் எந்த விளையாட்டைக் கண்டு துயருறுகிறது? சாமுவேலின் இரண்டாம் புஸ்தகம், 2ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். கிபியோன் குளத்தருகே இரு சேனைகள் எதிரெதிரே அமர்ந்திருக்கின்றன. இளைஞர்கள் நம்முன் விளையாடட்டும் என்கிறான் அப்னேர், யோவாபும் இசைகிறான். பக்கத்துக்குப் 12 பேராக எழுந்த 24 இளைஞரும் ஒருவரையொருவர் குத்தி ஒருமிக்க விழுந்தார்கள். பொழுது சாய்வதற்குள் யோவாபின் தம்பி ஆசகேல் உட்பட தாவீதின் பக்கத்தில் 20 பேர், அப்னேரின் பக்கத்தில் 360 பேர் மாண்டார்கள். தளபதிகள் இருவரும் மனிதரைப் பொம்மைகளாக்கி ஆடினார்கள். பாவம் அங்கே இருக்கிறது.

சகோதரரே, நம் பிரசங்க பீடங்களைப் பாருங்கள். தூரதேசத்தில் குண்டு விழுந்த செய்தி வந்தவுடன் எசேக்கியேல் 38ஆம் அதிகாரத்தைத் திறக்கிறோம். திரையில் நிலப்படம் விரித்து, எந்தப் படை எத்திசையிலிருந்து வரும் என்று அம்புக்குறி இடுகிறோம். சபையார் பரவசத்தோடு அல்லேலூயா முழங்குகிறார்கள். அந்த நிலப்படத்தின்மேல் நாம் நகர்த்துகிறவை எவை? தேவசாயலில் படைக்கப்பட்ட ஆத்துமாக்கள்! பொம்மையை வைத்து ஆடுகிறவனைக் கண்டிக்க நமக்கு என்ன தகுதி?

நானும் இக்குற்றத்தில் பங்காளியே. 2003இல் ஈராக்கில் போர் மூண்டபோது, அத்தகைய பிரசங்கம் ஒன்றை ஒரு மணி நேரம் செய்தேன். ஆராதனை முடிந்தபின் ஒரு தாயார் தயங்கித் தயங்கி அருகே வந்தார். "ஐயா, என் மகன் குவைத்தில் வேலை பார்க்கிறான். அங்குள்ள பிள்ளைகளுக்காக நீங்கள் ஜெபிக்கவில்லையே" என்றார். என்னிடம் மறுமொழி இல்லை. அன்று நான் வரைந்த அம்புகளில் ஒன்று அவருடைய மகனின் தலைக்கு மேலாகச் சென்றிருந்தது.

ஆகவே, அந்தக் கழகத்தாருக்கு மண்டபக் கதவை அடைக்கும்படி நான் சொல்லமாட்டேன். மாலையில் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கி, எதிரியோடு தேநீர் அருந்த அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாம் அடைக்க வேண்டிய கதவு வேறு. இந்த வாரம் போர்ச் செய்தி கேட்கும்போது, யார் முன்னேறினார் என்று வினவுமுன், யார் வீடிழந்தார் என்று வினவுங்கள். முழங்காலில் நின்று அவர்களுக்காக ஜெபியுங்கள். பட்டயங்கள் உழவுக் கருவிகளாகும் நாளை ஏசாயா தரிசனமாகக் கண்டார். அந்த நாளுக்குக் காத்திருக்கும் ஜனத்துக்கு இதுவே தகும்.

கர்த்தர் நம் கண்களைத் திறப்பாராக. ஆமென்.