பெண்கள் எழுதினால் வீண் கதையா?

நம் பங்குகளில் நீண்ட நாளாக வழங்கிவரும் ஒரு கருத்தை மறுப்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். கதைப் புத்தகம் பொழுதைக் கொல்வது. பெண்கள் எழுதும் கதைகளோ அதனினும் கீழானவை. அடுப்படிப் புலம்பல், காதல் மயக்கம், குடும்பத்தைக் கெடுக்கும் கலகப் பேச்சு என்னும் மூன்றில் ஒன்றாகவே அவை இருக்கும். ஆகவே பங்குப் படிப்பகத்தில் அவற்றுக்கு இடமில்லை என்பதே அக்கருத்து. இதைச் சொல்வோர் தீயவர் அல்லர். பிள்ளைகள் வழி தவறக் கூடாதே என்னும் கவலையால் சொல்கின்றனர். ஆயினும் நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டது என்பதற்காகத் தவறு சரியாகிவிடுமா?

முதலில், புனைகதை கத்தோலிக்கருக்கு அந்நியமன்று. தமிழில் சிரிக்கச் சிரிக்கப் பரமார்த்த குருவின் கதையை எழுதியவர் வீரமாமுனிவர். 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தமிழின் முதல் நாவல்; அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கப் பொதுநிலையினர். அந்த நாவலில் வரும் ஞானாம்பாள், ஆண் வேடம் பூண்டு நாட்டையே ஆள்கிறாள். நம் ஆண்டவரும் கதை சொல்லியே போதித்தார். மாவைப் புளிக்க வைத்த பெண்ணையும், காசைத் தேடி வீடு பெருக்கிய பெண்ணையும், நடுவனை விடாது நச்சரித்த கைம்பெண்ணையும் அவர் தம் கதைகளில் நிறுத்தினார்.

தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலைத் திருச்சபை 1966இலேயே கைவிட்டுவிட்டது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2024 ஜூலையில் இலக்கியத்தைப் பற்றித் தனி மடலே வரைந்தார். கவிதையும் நாவலும் படிப்பது குருக்களின் உருவாக்கத்துக்கு மட்டுமன்றி எல்லாக் கிறிஸ்தவர்களின் வளர்ச்சிக்கும் உதவும் என்பது அம்மடலின் சாரம். இளம் இயேசு சபையாராக அர்ஜென்டினாவில் இலக்கியம் கற்பித்தபோது, மாணவர் விரும்பிய நூல்களையே படிக்கவிட்டதை அவர் அதில் நினைவுகூர்கிறார். உரோமை திறந்த கதவை உள்ளூரில் நாம் ஏன் சாத்தி வைக்க வேண்டும்?

பெண்கள் எழுதுவதெல்லாம் ஒரே வகை என்பது இரண்டாவது குற்றச்சாட்டு. படிக்காதவரே இப்படிச் சொல்ல முடியும். துப்பறியும் கதை வேண்டுமா? பள்ளிக்கூடம் செல்லாது, முதல் நூலைத் தோழிக்குச் சொல்லி எழுதுவித்த வை.மு.கோதைநாயகி அம்மாள் (1901–1960) தம் 115 நாவல்களில் மர்மக் கதைகளும் படைத்தார். ‘ஜகன்மோகினி’ என்னும் இதழையும் நடத்தினார். 2021இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அம்பை, ‘அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு’ நூலில் சுதா குப்தா என்னும் பெண் துப்பறிவாளரைப் படைத்திருக்கிறார். குற்றவாளி யார் என்பதோடு நில்லாமல், குற்றம் ஏன் விளைந்தது என்றும் கேட்கும் கதைகள் அவை. பாவத்தை மட்டுமன்றிப் பாவத்தின் வேரையும் தேடச் சொல்லும் நம் மறைக்கு இது புதிதா?

குடும்பக் கதை வேண்டுமா? மருத்துவரான லட்சுமியின் ‘ஒரு காவிரியைப் போல’ 1984இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஆர். சூடாமணியின் (1931–2010) சிறுகதைகளில் உரத்த சொல் இராது. ஒரு வீட்டுக்குள் ஒருவர் மனம் நோகும் கணத்தை அவர் அவ்வளவு மென்மையாகக் காட்டுவார். தம் சொத்துகளைத் தொண்டு நிறுவனங்களுக்கு எழுதி வைத்தவர் அவர். நம் தேனி மாவட்டத்து ஆண்டிபட்டியில் வாழ்ந்து எழுதியவர் உமா மகேஸ்வரி. அவருடைய ‘யாரும் யாருடனும் இல்லை’ நாவல், ஒரு கூரையின் கீழ் உறவுகளோடு வாழும் பெண்களின் தனிமையைப் பேசுகிறது. பக்கத்து ஊர் எழுத்தாளரை அறியாமல் எங்கோ உள்ளவரைப் புகழ்வதும் ஒரு வகை வறுமைதான்.

ரமணிசந்திரனின் காதல் நாவல்களையும் நாம் இகழவில்லை. விடியுமுன் ஜீப்பில் ஏறி இடுக்கி மலையின் ஏலத்தோட்டத்துக்குப் போய், பொழுது சாய்ந்து இறங்கும் பெண்ணொருத்தி ஒரு மணி நேரம் மகிழ்ச்சியான முடிவுள்ள கதையைப் படித்தால் எந்தக் கட்டளை மீறப்படுகிறது? அங்கேயே நின்றுவிடாதீர்கள் என்பதே நம் வேண்டுகோள்.

உழைப்போரின் கதைக்கு ராஜம் கிருஷ்ணனிடம் (1925–2014) செல்ல வேண்டும். முசிறியில் பிறந்து, இளம் வயதிலேயே மணமுடித்து, பல்கலைக்கழகம் காணாத அவர், எழுதப்போகும் மக்களிடம் நேரே சென்று கேட்டறிந்து எழுதினார். ‘கரிப்பு மணிகள்’ தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் கதை. ‘அலைவாய்க்கரையில்’ கத்தோலிக்க மீனவர் கதை. மீன்பாட்டில் கோயிலுக்குச் சேர வேண்டிய பங்கால் எழுந்த மனக்கசப்பையும் அது மறைக்கவில்லை. நம் மக்களின் கதையை நமக்காகக் கேட்டு எழுதியவர் நம் மறையைச் சாராத ஒரு பெண்மணி. இது நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டாமா?

அவருடைய ‘மண்ணகத்துப் பூந்துளிகள்’ பெண் சிசுக்கொலையைப் பற்றியது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தேனி மாவட்டத்துக்கும் விரிவாக்கப்பட்டது என்பதை நினைவிற் கொண்டு அந்நூலைப் படியுங்கள். கருவிலுள்ள உயிரைக் காக்க மறையுரை ஆற்றும் நாம், ஒரு தாயின் கையைக் கொலைக்குத் தள்ளுவது எது என்பதை விளக்கும் நாவலை அலமாரியில் வைக்கத் தயங்குவது முரண் அல்லவா?

இனி, படிப்பகக் குழுக்கள் அதிகம் அஞ்சும் நூல்களுக்கு வருகிறோம். ப. சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ (1989), ஒடுக்கப்பட்டோரின் தலைவராக வலம்வரும் ஓர் ஆண் தம் வீட்டுப் பெண்களை நடத்தும் விதத்தைக் கேள்வி கேட்கிறது. பூப்பெய்தியபின் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட சல்மா, ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யில் (2004) இஸ்லாமியப் பெண்களின் உள்வீட்டைத் திறந்து காட்டுகிறார். குமரி மாவட்டத்து மலர்வதியின் ‘தூப்புக்காரி’, துப்புரவுப் பணி செய்யும் பெண்ணின் வாழ்வைச் சொல்லி 2012இல் சாகித்திய அகாதெமியின் இளம் எழுத்தாளர் விருதைப் பெற்றது.

இவர்களுள் நமக்கு மிக அருகில் இருப்பவர் பாமா. ராயப்பன்பட்டிக்கு மேலே எழும் மேகமலையையும் வருசநாட்டு மலைகளையும் கடந்து இறங்கினால், வத்திராயிருப்புப் பக்கம் உள்ள புதுப்பட்டி அவர் ஊர். தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, ஏழாண்டுகள் துறவற சபையில் இருந்து, வெளியேறியவர். 1992இல் வந்த ‘கருக்கு’ அவர் தன்வரலாறு. 1994இல் வந்த ‘சங்கதி’, பெண்களின் பேச்சாலேயே கட்டப்பட்ட நாவல். ‘கருக்கு’ திருச்சபைக்குள் இருக்கும் சாதியைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுகிறது. அதனால் அது திருச்சபையின் பகை நூல் என்று சொல்வோர் உண்டு. அதை முதலில் நூலாக்கியது மதுரையில் இயேசு சபைக் குருக்கள் நடத்திய ஆய்வு மையம் என்பதை அவர்கள் அறிவார்களா? இறந்தோருக்கும் சாதிவாரியாகக் கல்லறை பிரித்த பங்குகள் தமிழகத்தில் இருந்தன என்பது உண்மையானால், அதைச் சொன்ன நூல் பகையா, அச்சுவர் பகையா?

மொழி கொச்சையாக இருக்கிறது, நம்பிக்கை தளர்ந்துவிடும் என்கின்றனர். அடக்கப்பட்டவர் அழும்போது இலக்கணம் பார்ப்பதில்லை. திருப்பாடல்களிலும் அத்தகைய கசப்பான முறையீடுகள் உண்டு. வயதுக்கேற்ற நூலை வயதுக்கேற்பத் தருவதை நாம் மறுக்கவில்லை. திராட்சைக் கொடியைக் கவாத்து செய்வது எதற்கென்று நம் பள்ளத்தாக்கு உழவருக்குத் தெரியும். கொடி காய்ப்பதற்காகச் செய்வதே கவாத்து. வேரை வெட்டுவதற்குப் பெயர் கவாத்தன்று. ஒரு நாவலால் சாய்ந்துவிடும் நம்பிக்கை, நாவல் இல்லாவிடினும் ஒரு நாள் சாயும்.

உயிர்ப்பு நாளின் காலையை எண்ணிப் பாருங்கள். கல்லறையிலிருந்து ஓடிவந்த பெண்கள் சொன்ன செய்தியைத் திருத்தூதர்கள் நம்பவில்லை. வீண் பேச்சாகவே எண்ணினர் என்கிறார் லூக்கா. ஆனால் ராயப்பர் எழுந்து ஓடினார், குனிந்து பார்த்தார், வியந்தார். பெண்கள் சொன்னதைச் சோதித்தறியவாவது அவர் கால்கள் நகர்ந்தன. அவர் பெயர் ஒலிக்கும் ஊரில் வாழும் நாம், நூலைத் திறந்தும் பாராமல் வீண் கதை என்று தள்ளலாமா?

ஆகவே மூன்று செயல்களைப் பரிந்துரைக்கிறோம். ஒவ்வொரு பங்குப் படிப்பகமும் பெண் எழுத்தாளர்களுக்கு ஒரு தட்டையேனும் ஒதுக்கட்டும். ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் 2009இல் நாட்டுடைமையாக்கப்பட்டவை, அவற்றிலிருந்து தொடங்கலாம். அடுத்து, அன்பியக் கூட்டங்களில் மாதம் ஒரு சிறுகதையை வாய்விட்டுப் படித்துப் பேசுவோம். எழுத்தறியாத தாய்மாரும் கேட்பார்கள், நம்மைவிட நன்றாகவே புரிந்துகொள்வார்கள். மூன்றாவது, அந்நூல்களை ஆண்களும் எடுத்துச் செல்லட்டும். பெண்கள் எழுதியதைப் பெண்கள் மட்டுமே படித்தால் வீட்டில் எதுவும் மாறாது. அதைத் தந்தையும் மகனும் படிக்கும் வீட்டிலேதான், தாயின் மௌனத்துக்கு முதன்முறையாக ஒரு காரணம் கேட்கப்படும்.