களவு போன அளவுகோல்

"இந்தப் பிள்ளைக்கு மூளை அவ்வளவுதான்" என்ற வாக்கியம் நமது பாடசாலைகளின் ஆசிரியர் அறைகளில் ஒலிக்காத நாள் அரிது. கையிலிருக்கும் தேநீர் ஆறுவதற்குள் ஒரு குழந்தையின் எதிர்காலத்தைத் தீர்த்துவிட்டு அடுத்த பாடத்துக்கு எழுந்து செல்கிறோம். எவரேனும் ஆதாரம் கேட்டால் விஞ்ஞானத்தைத் துணைக்கழைக்கிறோம். நுண்மதி பிறப்போடு வருவது, அதனை ஓர் எண்ணால் அளந்துவிடலாம், அந்த எண் மாறாது, இவையெல்லாம் உளவியல் நிறுவிய உண்மைகள் என்கிறோம். அவ்வுளவியலின் மூலவர் என்று அல்பிரட் பினேயின் பெயரையும் சொல்கிறோம். பயிற்சிக் காலத்தில் பரீட்சைக்காக மனனஞ்செய்த பெயர் அது.

பினே தமது இறுதி ஆண்டுகளில் எந்தக் கருத்தை எதிர்த்து நின்றாரோ, அந்தக் கருத்தின்மீதே அவருடைய பெயர் முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கிறது. இதனை வெறும் அறியாமை என்று விட்டுவிடுவதற்கில்லை. இந்தப் புரட்டினால் பயனடைந்தோர் பலர். அழிந்தோர் அவரினும் பலர்.

பினே 1857 இல் பிரான்சின் நீஸ் நகரிற் பிறந்தவர். சட்டம் பயின்று பட்டம் பெற்றபின் அத்தொழிலை உதறிவிட்டுப் பாரிஸ் தேசிய நூலகத்திலிருந்து தாமாகவே உளவியல் கற்றார். பின்னர் சல்பெற்றியேர் மருத்துவமனையில் சார்க்கோ என்னும் புகழ்பெற்ற மருத்துவரிடம் சேர்ந்தார். அங்கு அவர் நடத்திய அறிதுயில் ஆய்வுகள் தவறானவை என்பதைப் பெல்ஜிய அறிஞர் டெல்பூவ் எடுத்துக்காட்டினார். காந்தத்தின் விளைவு என்று பினே நம்பியது, நோயாளர்க்குத் தெரிந்தோ தெரியாமலோ ஊட்டப்பட்ட எதிர்பார்ப்பின் விளைவே என்று அம்பலமாயிற்று. பினே முதலில் வாதாடினார். பின்னர் தவற்றை ஒப்புக்கொண்டார். சோதிப்பவனின் விருப்பம் சோதிக்கப்படுபவனின் விடையில் எவ்வாறு புகுந்துவிடும் என்ற பாடத்தை அவமானத்தை விலையாகக் கொடுத்துக் கற்ற மனிதர் அவர். அவர் பெயரால் பின்னர் அளக்கப் புறப்பட்ட பலர் அந்த விலையைக் கொடுக்க ஆயத்தமாயிருக்கவில்லை.

1894 இல் சோர்போன் ஆய்வுகூடத்தின் இயக்குநரானார். எனினும் பிரான்சில் பேராசிரியர் பதவி அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை. வீட்டில் மட்லேன், அலிஸ் என்ற தம் இரு புதல்வியரையும் கூர்ந்து கவனித்து 1903 இல் நுண்மதி பற்றிய ஒரு நூலை வெளியிட்டார். ஒரே கூரையின்கீழ் வளர்ந்த இரு பிள்ளைகள் முற்றிலும் வேறான வழிகளிற் சிந்திப்பதை அவர் கண்டார். ஒருத்தி கண்டதைக் கண்டவாறு சொல்வாள். மற்றவள் கற்பனையில் மிதப்பாள். இவருள் எவள் கூடிய மதியுடையவள் என்ற கேள்வியே பொருளற்றது என்பதை அவர் தம் வீட்டிலேயே உணர்ந்திருத்தல் வேண்டும்.

1882 இல் பிரான்சில் ஆரம்பக்கல்வி கட்டாயமாக்கப்பட்டது. ஏழைகளின் பிள்ளைகள் வகுப்பறைகளுக்குள் வந்தனர். பின்தங்கியோரை என்ன செய்வது என்ற கேள்வியும் உடன் வந்தது. அதுகாறும் ஆசிரியரோ மருத்துவரோ பார்த்த பார்வையிலேயே தீர்ப்பு அமைந்தது. குழப்படிக்காரனையும், கூச்சமுள்ளவனையும், காது கேளாதவனையும் ஒரே சொல்லால் ஒதுக்கிவிட முடிந்தது. 1904 இல் அரசு அமைத்த ஆணைக்குழுவில் பினேயும் இடம்பெற்றார். தியடோர் சிமோன் என்ற இளம் மருத்துவருடன் சேர்ந்து 1905 இல் முப்பது சோதனைகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். எரியும் தீக்குச்சியைக் கண்ணாற் பின்தொடர்தல் முதலாக, மதிப்புக்கும் அன்புக்குமுள்ள வேறுபாட்டை விளக்குதல் ஈறாக அச்சோதனைகள் அமைந்தன. 1908 இல் அவை வயதுவாரியாக ஒழுங்குபடுத்தப்பட்டன.

அளவுகோலின் நோக்கம் தெளிவானது. உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டுபிடித்து உதவுதலே அது. நீளத்தை அளப்பதுபோல நுண்மதியை அளக்க இயலாதென்பதை அவர்கள் 1905 இலேயே எழுதிவைத்தனர். 1909 இல் குழந்தைகள் பற்றி வெளியிட்ட நூலில், மனிதனின் நுண்மதி கூட்டமுடியாத நிலையான அளவு என்ற தீர்ப்பைக் கொடூரமான நம்பிக்கையீனம் என்ற பொருள்படக் கண்டித்தார் பினே. கண்டனத்தோடு அவர் நிற்கவில்லை. பின்தங்கியோர்க்கான தனி வகுப்புகளை அமைக்கப் பாடுபட்டார். வளைந்த முதுகை நிமிர்த்தும் மருத்துவம்போல மனத்தை நிமிர்த்தும் பயிற்சிகளை வகுத்தார். சிலைபோல அசையாதிருக்கும் விளையாட்டால் கவனத்தை வளர்த்தார். எவ்வாறு கற்பது என்பதையே முதலிற் கற்பிக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. பாரிசின் ஓர் ஆரம்பப் பாடசாலையிலேயே ஆய்வுகூடம் அமைத்து, மாணவரின் கண்பார்வையை ஆசிரியரே சோதிப்பதற்கான வழியையும் வகுத்துக் கொடுத்தார்.

மற்றுமொன்று நமது சிந்தனைக்குரியது. பெல்ஜியத்தில் டெக்ரோலியும் டெகாண்டும் இந்த அளவுகோலைக் கொண்டு வசதிபடைத்த குடும்பங்களின் பிள்ளைகளைச் சோதித்தபோது, அவர்கள் பாரிசின் தொழிலாளர் பகுதிப் பிள்ளைகளைவிடப் பெரிதும் முன்னின்றனர். பினே இதனை மறைக்கவில்லை. சமூக நிலை விடைகளிற் படிவதை 1911 இல் வெளிப்படையாகவே ஆராய்ந்தார். அவ்வாண்டு ஒக்டோபரில், 54 வயதில், அவர் காலமானார்.

பின்னர் களவு தொடங்கியது. 1912 இல் ஜெர்மானியரான வில்லியம் ஸ்ரேர்ன் உளவயதை உடல்வயதால் வகுத்தார். 1916 இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் ரேர்மன் அதனை நூறாற் பெருக்கி நுண்மதி ஈவு என்ற எண்ணைப் பரப்பினார். பினே வகுத்தது உதவிக்கான குறிப்பு. இவர்கள் அதனைக் குருதியில் ஓடும் பரம்பரைச் சொத்தாக்கினர். ஹென்றி கொடார்ட் 1913 இல் எலிஸ் தீவில் வந்திறங்கிய குடியேறிகளை இச்சோதனையால் அளக்க ஆட்களை அனுப்பினார். கடலில் நாட்கணக்காக அலைந்து, மொழி தெரியாத கரையில் அஞ்சி நின்ற ஏழைகளுட் பெரும்பகுதியினர் மதிகுறைந்தோர் எனக் கணிக்கப்பட்டனர்.

முதலாம் உலகப்போரில் யேர்க்ஸ் தலைமையில் ஏறத்தாழ 17½ இலட்சம் அமெரிக்கப் படையினர் சோதிக்கப்பட்டனர். 'கிறிஸ்கோ' என்பது யாது என்பது வினாக்களுள் ஒன்று. அது அமெரிக்கச் சமையற் கொழுப்பொன்றின் வியாபாரப் பெயர். அதனை அறியாத இத்தாலிய விவசாயி பிறவியிலேயே மந்தன் ஆனான். குடியேறி வாழ்ந்த ஆண்டுகள் கூடக்கூடப் புள்ளிகளும் கூடின என்பதை அவர்களுடைய அட்டவணைகளே காட்டின. ஆயினும் கார்ல் பிறிகம் 1923 இல் எழுதிய நூலில் அதற்கும் இனத்தையே காரணமாக்கினார். மறு ஆண்டு, தென் ஐரோப்பியரும் கிழக்கு ஐரோப்பியரும் குடியேறுவதை ஒடுக்கும் சட்டம் நிறைவேறியது. சோதனைகள்தாம் அச்சட்டத்தைப் பிறப்பித்தன என்று கூறுவது மிகையாகும். இனவெறி அதற்கு முன்பே இருந்தது. இவர்கள் அதற்கு விஞ்ஞான அங்கி தைத்துக் கொடுத்தனர். 1930 இல் பிறிகம் தம் முடிவுகளைத் தாமே மறுத்தெழுதினார். சட்டமோ பல்லாண்டுகள் நிலைத்தது.

1927 இல் கரி பக் என்ற ஏழைப்பெண்ணின் கருவளத்தை அழிக்க அமெரிக்க உயர்நீதிமன்றம் அனுமதித்தது. அவளுடைய உளவயது ஒன்பது என்று கூறியதும் பினேயின் பெயர் தாங்கிய சோதனையே. சில மாதக் குழந்தையாயிருந்த அவள் மகளும் குறையுடையவள் என்று சாட்சியங் கூறப்பட்டது. அக்குழந்தை பின்னர் பாடசாலை சென்று சிறப்புப் பட்டியலிலும் இடம்பெற்றது. எட்டு வயதில் நோயுற்று இறந்தது. இந்த விஞ்ஞானத்தின் தகுதியை எடைபோட வேறு ஆவணம் எதற்கு?

பினே முற்றிலும் பழியற்றவரா என்று சிலர் வினவலாம். அல்லர். அழகிய முகம் எது, அழகற்ற முகம் எது என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் கேட்டதும் அவருடைய அளவுகோலே. வயதை எண்ணாகத் தந்தவர், அந்த எண் தம்மைவிட்டு ஓடிவிடும் என்பதைப் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. பிள்ளைகளிடையே வேறுபாடே இல்லையென்றும் நாம் வாதிடவில்லை. அளந்தபின் என்ன செய்கிறோம் என்பதே வினா. பினே அளந்தபின் கற்பித்தார். அவர்களோ அளந்தபின் கதவடைத்தனர். நுண்மதி ஈவு என்பது தங்கள் அளவுகோலின் நோக்கத்துக்கு இழைக்கப்பட்ட துரோகம் என்று சிமோன் பின்னாளிற் கூறியது இதனாலேயே.

இதெல்லாம் கடல்கடந்த பழங்கதை என்று நமது ஆசிரியர்கள் ஆறுதலடைய வேண்டாம். பத்து வயதுப் பிள்ளையின் ஒருநாட் புள்ளியைக் கொண்டு அதன் ஆற்றலுக்கு எல்லை கட்டுவோர் நம்மிடையே இல்லையா? வசதியற்ற பிள்ளைக்குக் கைகொடுக்க ஏற்பட்ட ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை, தனியார் வகுப்புக்குக் காசு கட்டக்கூடியவர்களின் ஓட்டப்பந்தயமாகியிருப்பதை நாம் காணவில்லையா? வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்த பிள்ளை ஊராரின் வாயில் ஒரே நாளில் 'மொக்கு' ஆகிவிடுகிறது.

குற்றத்தைப் பிறர்மேற் சுமத்திவிட்டு நாம் தப்பிக்கொள்ள விரும்பவில்லை. கரும்பலகையில் எழுதியதைப் பிழையாகவே கொப்பியில் எழுதிவந்த ஒரு மாணவனை நாமும் ஒரு தவணை முழுவதும் மந்தன் என்றே எண்ணியிருந்தோம். ஒருநாள் தற்செயலாக முன்வாங்கில் இருந்தபோது அவன் ஒரு பிழையுமின்றி எழுதினான். அவனுக்குக் குறைவாயிருந்தது மதியன்று, கண்பார்வை. நூறாண்டுகளுக்கு முன்னரே பாரிசின் ஆசிரியர்களிடம் பினே கேட்டுக்கொண்ட சிறு வேலையை நாம் செய்திருக்கவில்லை.

ஆகவே நாம் கோருவது பெரிதன்று. இனி ஆசிரியர் அறையில் "மூளை அவ்வளவுதான்" என்று எவரேனும் தீர்ப்புக் கூறினால், அருகிலிருப்பவர் எழுந்து கேட்கட்டும்: அந்தப் பிள்ளையின் கண்ணைச் சோதித்தீர்களா? காலையில் அது சாப்பிட்டு வந்ததா? கற்கும் முறையை அதற்கு யார் கற்பித்தார்? இவற்றுக்கு விடையில்லாத இடத்தில் பினேயின் பெயரை உச்சரிக்கும் உரிமை நமக்கில்லை.