பூவாளியைப் பழிக்காதீர்கள்

பிள்ளைகளே, சொந்தங்களே,

போன ஞாயிற்றுக்கிழமை மாடித் தோட்டத்தில் நான் பூவாளியோடு நிற்கிற படம் ஒன்றைப் போட்டேன். கீழே நீங்கள் எழுதியதைப் படித்து முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கொஞ்சம் கோபமும் வந்தது. "டீச்சர், இந்தக் காலத்திலுமா பூவாளி?" என்று ஒருவன். "ஹோஸ் வாங்கி அனுப்பட்டுமா டீச்சர்?" என்று இன்னொருத்தி. என் அண்ணன் மகன் ஒருபடி மேலே போய், "அத்தை, முட்டி வலியோட இது தேவையா? டைமர் வெச்சு சொட்டுநீர் போட்டுடலாம்" என்று எழுதியிருந்தான். எல்லாம் அன்பில் சொன்னதுதான், தெரியும். ஆனால் தப்பான விடை. முப்பத்திரண்டு வருஷம் அறிவியல் பாடம் எடுத்தவள் தப்பான விடையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடியுமா?

முதலில் ஹோஸை எடுத்துக்கொள்வோம். கருத்தாகச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், கணக்காகச் சொல்கிறேன். எங்கள் மாடிக் குழாயில் 10 லிட்டர் வாளி நிறைய 50 வினாடி ஆகிறது. அதாவது நிமிஷத்துக்கு 12 லிட்டர். ஹோஸைப் பிடித்துக்கொண்டு, போன் பேசிக்கொண்டு, 20 நிமிஷம் நின்றால் 240 லிட்டர். என்னிடம் இருப்பது 40 தொட்டி. தொட்டிக்கு ஒரு லிட்டர் வீதம் 5 லிட்டர் பூவாளியில் எட்டு நடை. மொத்தம் 40 லிட்டர். மீதி 200 லிட்டர் எங்கே போச்சு? தரையில் ஓடி, மழைநீர்க் குழாயில் இறங்கிப் போச்சு.

இதைச் சின்ன விஷயம் என்பவர்கள் 2019-ஐ மறந்துவிட்டீர்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன. ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகனில் 25 லட்சம் லிட்டர் வந்ததைச் சென்னையே வேடிக்கை பார்த்தது. மடிப்பாக்கத்தில் எங்கள் போரும் காற்றைத்தான் கக்கியது. அரிசி கழுவின தண்ணீர், காய் கழுவின தண்ணீர் எல்லாவற்றையும் துணியில் வடிகட்டிப் பூவாளியில் ஊற்றித்தான் அந்தக் கோடையில் கறிவேப்பிலையையும் முருங்கைக் கன்றையும் காப்பாற்றினேன். வடிகட்டாவிட்டால் துளை அடைத்துக்கொள்ளும். ஹோஸில் அந்தத் தண்ணீரை விட முடியுமா?

தண்ணீர் மட்டுமல்ல. ஹோஸிலிருந்து பீய்ச்சுகிற தண்ணீர் தொட்டியில் குழி பறிக்கும், மேல்வேரை வெளியே காட்டிவிடும். மண்ணில் இருக்கிற பூஞ்சை தெறித்துத் தக்காளியின் அடி இலையில் ஒட்டும். அப்புறம் இலையில் பழுப்பு வட்டம் வந்துவிட்டது, என்ன மருந்து அடிக்கலாம் டீச்சர் என்று எனக்கே செய்தி அனுப்புவீர்கள்.

அடுத்தது சொட்டுநீர். கரும்புக்கும் வாழைக்கும் வயலில் போடுகிற சொட்டுநீரை நான் குறை சொல்லவில்லை. அங்கே ஒரே பயிர், ஒரே வயது, ஒரே தாகம். என் மாடியில் அப்படியா? தக்காளிக்கு ஒரு தாகம், கற்றாழைக்கு ஒரு தாகம், நேற்று நட்ட நாற்றுக்கு வேறு. இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். போன ஐப்பசியில் மகள் வீட்டுக்குப் பெங்களூர் போனபோது டைமர் வைத்துவிட்டுப் போனேன். 12 நாள். இங்கே அடைமழை. டைமர் மழையைப் பார்க்கவில்லை, தினமும் சொன்ன நேரத்துக்குத் தண்ணீர் விட்டிருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் கத்தரியும் தக்காளியும் வேர் அழுகிச் சாய்ந்து கிடந்தன. செம்பருத்தி முழுக்க மாவுப்பூச்சி. பூவாளியோடு தினமும் பக்கத்தில் போயிருந்தால் ஒரே ஒரு கிளையில் இருக்கும்போதே பார்த்திருப்பேன், துடைத்து எறிந்திருப்பேன். தண்ணீர் ஊற்றுகிற சாக்கில்தான் நாம் செடியைப் பார்க்கிறோம். அந்த வேலையை இயந்திரத்திடம் கொடுத்தால் பார்ப்பதும் நின்றுபோகும். நான் சொல்ல வந்தது இதுதான்.

இதற்காகக் கடையில் கண்ணில் பட்ட பூவாளியை வாங்கிவிடாதீர்கள். பூவாளி என்று விற்பதில் பாதி, பூவாளியே இல்லை. பழைய மாணவி ஒருத்தி ஆசையாகப் பூப்போட்ட பூவாளி ஒன்று கொடுத்தாள். (கோபிக்காதே அம்மா, அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.) அதன் துளை ஒவ்வொன்றும் பச்சைப்பயறு அளவு. அரைக்கீரை விதைத்து அதில் தண்ணீர் விட்டேன். விதையெல்லாம் மிதந்துபோய்த் தொட்டியின் ஒரு மூலையில் கொத்தாக முளைத்தது.

பள்ளித் தோட்டத்தில் பூவாளி உடைந்தபோது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பால்பவுடர் டப்பா மூடியில் மெல்லிய ஆணியால் நெருக்கமாகத் துளை போட்டுக் கொண்டுவந்தான். தூறல் மாதிரி விழுந்தது. துளை சின்னதாகவும் நிறையவும் இருக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது, தயாரிக்கிற கம்பெனிக்குத் தெரியவில்லை.

வாங்கும்போது இவற்றைப் பாருங்கள். துளைத்தலை கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். அடைத்தால் கழற்றிப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கலாம். குழல் நீளமாக, தண்ணீர் மட்டத்துக்கு மேலே எழும்பி இருக்க வேண்டும். இல்லையென்றால் நடக்கும்போதே சிந்தும். கைப்பிடி முக்கியம். 1886-லேயே இங்கிலாந்தில் ஜான் ஹாஸ் என்பவர் தூக்கவும் சாய்க்கவும் எளிதான பூவாளிக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். இன்றைக்கும் தூக்கினால் கை முறுக்கிக்கொள்கிற பூவாளியை நம் தலையில் கட்டுகிறார்கள். கடையில் தண்ணீர் கேட்டு, நிரப்பி, தூக்கிச் சாய்த்துப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

அளவு? 5 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 5 கிலோ. 10 லிட்டர் வாங்கி இடுப்பைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். அண்ணன் மகனே, முட்டி வலிக்கு என் பதில் இதுதான்: சின்னப் பூவாளி, முக்கால் நிரப்பு, மாடியிலேயே குழாய். டைமர் அல்ல.

ஊற்றுவதிலும் முறை இருக்கிறது. முதலில் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள். ஈரம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். காலையில் ஊற்றுங்கள். சாய்த்ததும் முதலில் கட்டிக்கட்டியாக விழும், அதனால் தொட்டிக்கு வெளியே வாளி ஒன்றை வைத்து அதில் ஆரம்பித்து, சீரானதும் தொட்டிக்குக் கொண்டுபோங்கள். முடிக்கும்போதும் அப்படியே வெளியே கொண்டுவந்து நிறுத்துங்கள். விதைக்கும் நாற்றுக்கும் துளைத்தலை மேல்நோக்கி இருக்கட்டும், தண்ணீர் எழும்பி வேகம் குறைந்து தூறலாக இறங்கும். வளர்ந்த செடிக்குத் தலையைக் கழற்றிவிட்டு வேரடியில் மெதுவாக விடுங்கள். ஒரே மூச்சில் கொட்டாமல், பாதி ஊற்றி, மண் குடித்ததும் மீதி.

வேலை முடிந்ததும் பூவாளியைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். வெயிலில் கிடந்தால் பிளாஸ்டிக் நொறுங்கும். தண்ணீரோடு ஒரு வாரம் விட்டால் அதிலேயே டெங்குக் கொசு வளரும்.

சொல்லிவிட்டேன். மறுக்கிறவர்கள் ஒரு வாரம் பூவாளியில் ஊற்றிப் பார்த்துவிட்டு, எத்தனை லிட்டர் ஆச்சு, செடியில் புதிதாக என்ன பார்த்தீர்கள் என்று எழுதிவிட்டு மறுக்கட்டும். வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "நேரம் இல்லை டீச்சர்" என்கிறவர்களுக்கு ஒன்று: என் 40 தொட்டிக்கும் ஆகிற நேரம் 25 நிமிஷம். இந்தப் பதிவுக்குக் கீழே நீங்கள் சண்டை போடப்போகிற நேரத்தை விடக் குறைவு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்