பாடம் திரையில், செய்முறை வீட்டில்

படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வரும்; நிமிர்த்தி உட்கார வைக்காமல் கஞ்சி கொடுத்தால் புரையேறும். இதையெல்லாம் நம் வீட்டு மகளும் மருமகளும் யாரிடம் கற்றார்கள்? பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். அந்த வகையில் இவர்களுக்கான இணையவழிப் பயிற்சி நல்ல வரவு. மறதிநோயாளிகளைக் கவனிப்போருக்காக உலக சுகாதார நிறுவனம் 'ஐசப்போர்ட்' என்ற இணையவழிப் பயிற்சியைக் கொண்டுவந்தது. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் அதை இந்தியாவில் சோதித்துப் பார்த்தபோது, சேர்ந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆய்வின் இறுதிவரை நிற்கவில்லை. இதில் வியப்பில்லை. இரவில் மூன்று முறை எழுந்தவளுக்குப் பகலில் பாடம் கேட்க ஏது நேரம்? தவிர, ஆளைத் தூக்கி உட்கார வைக்கும் பக்குவம் கைபேசி பார்த்து வராது. பக்கத்தில் நின்று ஒருவர் திருத்த வேண்டும். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் செவிலியரையும் இயன்முறை மருத்துவரையும் ஏற்கெனவே வீட்டுக்கே அனுப்புகிறது. பாடம் திரையில் இருக்கட்டும். செய்முறையை இவர்கள் கற்றுத்தரட்டும். அப்படியே, கவனிப்பவளைப் பார்த்தும் ஒரு வார்த்தை கேட்கட்டும்: "நீங்க தூங்குனீங்களாம்மா?"